அத்தி இலைக்குள் இருந்தது என்ன மீன்?

போன வாரம் பங்களாச் சமையலறையில் இப்போது வேலை செய்பவர்கள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். வெள்ளைத் தட்டு, அதன் நடுவே அத்தி இலையில் பொதிந்து நாரால் கட்டிய மீன், பக்கத்தில் யாரும் சாப்பிடாத ஒரு பூ. கூடவே ஒரு கேள்வி. பழைய கிரேக்க நாட்டு மீன் என்று விருந்தாளிகள் தேடி வந்து கேட்கிறார்களாம். அதைச் சொல்லிக்கொடுத்த வெளிநாட்டு செப்பின் பெயர் தெரிந்தால் மெனு அட்டையில் போடலாமாம்.

வெளிநாட்டு செப்பாம்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அடப் பாவிகளா, அந்த மீனைச் சாம்பலுக்குள் புதைத்து எடுத்துப் பந்தியில் வைத்தவள் நான்தான். கொட்டகலைக்கு மேலே லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்து, பதினெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த பவளம். இதையெல்லாம் போனில் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

நான் பங்களாவுக்குப் போனதே முழங்காலால்தான். ஒரு மழை நாளில் சரிவில் விழுந்து இடது முழங்கால் பிசகிவிட்டது. அதற்குப் பிறகு கூடையோடு மலை ஏற முடியவில்லை. அந்தச் சமயம்தான் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பழைய பங்களாவைத் தோட்டத்தார் ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். காய்கறி கழுவ ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். முதல் ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுவினேன், நறுக்கினேன், சட்டி தேய்த்தேன், அடுப்படியில் நடப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் இருந்தது பங்களாவில், என் பேர் இருந்தது மலையில். செக்ரோல் என்கிற தோட்டத்துப் பேரேட்டில் நான் கொழுந்தெடுக்கிற ஆளாகவே இருந்தேன். "நாளையிலிருந்து மலைக்குப் போ" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் காலையில் கூடையை மாட்ட வேண்டியதுதான். அந்தப் பயம் ஆறு வருஷமும் என்னை விடவில்லை.

எங்கள் தலைமைச் சமையல்காரர் ஜயந்த சேர். நீர்கொழும்புக்காரர், மீனோடு பிறந்தவர். ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சமையலில் யாராவது பிழை செய்தால் திட்ட மாட்டார். அந்தத் தட்டைப் பிழை செய்தவர் முன்னால் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "கன்ன" என்பார். சிங்களத்தில் சாப்பிடு என்று அர்த்தம். கடைசி வாய் வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். உப்பு அள்ளிக் கொட்டிய சூப்பை ஒருவன் குடித்து முடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் உப்பை எண்ணி எண்ணித்தான் போடுவான்.

அவர் ஊரில் சொந்தமாகக் கடை போடப் போவதாகச் சொன்ன அன்றைக்கு எனக்கு உலகமே இருண்டுபோனது. ஆனால் அந்த மனுஷர் போகிற போக்கில் ஒரு வேலை செய்தார். தன் இடத்துக்கு வெளியே ஆள் தேட வேண்டாம், பவளம் போதும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் கொழும்பிலிருந்து வந்த தமிழர். பழக்க தோஷத்தில் அவரையும் நாங்கள் துரை என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. லயத்துப் பெண் எப்படி வெள்ளைக்காரருக்குச் சமைப்பாள் என்று நேராகவே கேட்டார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். அடுத்த மாதம் ஒரு முக்கியமான கூட்டம் வருகிறது, அந்தப் பகல் சாப்பாடு சரியாக வந்தால் என்னைச் சமையல்காரியாக, எங்கள் பேச்சில் கோக்கியாக, எழுதுவார். பிசகினால் கொழும்பிலிருந்து ஆள் வருவார், நான் மலைக்குப் போக வேண்டும்.

அந்தக் கூட்டம் ஒன்பது பேர். பழைய கிரேக்க நாட்டைப் பற்றி ஆயுசு முழுக்கப் படித்தவர்களாம். எங்கே போனாலும் ஒரு வேளையாவது அந்தக் காலத்துச் சாப்பாட்டைச் செய்துதரச் சொல்லிக் கேட்பார்களாம். முன்கூட்டியே ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். அதில் நாலே வரி. மீனை எடு, வாசனை இலை போடு, அத்தி இலையில் சுற்றிக் கட்டு, சூடான சாம்பலுக்குள் வை. வேறு கோமாளித்தனம் எதுவும் வேண்டாம் என்று கீழே எழுதியிருந்ததாக ஜயந்த சேர் படித்துச் சொன்னார். மிளகாய் கூடாது, மஞ்சள் கூடாது, தக்காளி கூடாது. அந்தக் காலத்தில் அங்கே இதெல்லாம் இல்லையாம்.

எனக்குத் தலை சுற்றியது. மிளகாய் இல்லாமல் மீனா?

மூன்று தடவை பழகிப் பார்த்தோம். பங்களாத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்துச் சீமை அத்தி ஒன்று நின்றது. உள்ளங்கையை விரித்ததுபோல் பெரிய இலை. காம்பில் வடிகிற பால் கையில் பட்டால் அரிக்கும். அதனால் இலையைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் மடித்தாலும் கிழியாது. சூரை மீனை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மூன்று விரலால் உப்புத் தொட்டு, எண்ணெய் தடவி, இரண்டு இலையை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்துச் சுற்றி, வாழைநாரால் கட்டுவோம். பின்கட்டில் பழைய விறகடுப்பு இருந்தது. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை எரித்தால் சாம்பல் மாவாக விழும், சூடும் நின்று பிடிக்கும். சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடித்து ஐந்து எண்ண வேண்டும். ஐந்துக்கு முன்னால் கையை எடுத்தால் சூடு அதிகம், ஐந்தைத் தாண்டியும் நின்றால் போதாது. உள்ளே வைத்த பிறகு ஜயந்த சேர் குந்திக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்பார். முதலில் உஸ்ஸென்று சத்தம் வரும், பிறகு அது தணிந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக டப் டப் என்று கேட்கும். அப்போது எடுக்க வேண்டும்.

முதல் தடவை, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள் போட்டுவிட்டேன். நாற்காலி வந்தது, தட்டு வந்தது, "கன்ன, அக்கே." சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை பொறுமை இல்லாமல் பொதியைப் பிரித்துப் பார்த்தேன், சாம்பல் உள்ளே போய்விட்டது. அதையும் சாப்பிட்டேன். பல்லெல்லாம் நறநறவென்றது.

வாசனை இலைதான் கடைசித் தொல்லை. தாளில் இருந்த இலை எங்களிடம் ஒரு பழைய போத்தலில் கிடந்தது, மோந்தால் தூசி வாசம்தான் வந்தது. ஜயந்த சேர் வாசத்தை விவரித்தபோது எனக்குப் பொறி தட்டியது. எங்கள் லயத்து வாசலில் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் சாறு பிழிந்து கொடுக்கிற கற்பூரவல்லி! ஓடிப்போய் ஒரு கொத்துப் பறித்து வந்தேன். அவர் ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், பிறகு அந்தப் போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டார். எனக்கு அவர் கொடுத்த பாராட்டு அதுதான். அன்றைக்கு மூன்றாவது பொதியைப் பிரித்து வாயில் வைத்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பத்தாறு வயசுக்கு அப்போதுதான் மீனின் ருசி எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் நான் தின்றதெல்லாம் மசாலாவைத்தான்.

கூட்டம் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் ஜயந்த சேரின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. அவர் துண்டை மடித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, மீன் கடை எதுவும் திறக்காது. ஆகையால் சூரை அன்றைக்கே ஹட்டனிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்துவிட்டது. நான் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் தலைவியான அம்மா சமையலறைக்குள் வந்தார். நரைத்த தலை, கட்டையாக வெட்டிய முடி, பெரிய படிப்புப் படித்த டீச்சர். மேசையில் பரிமாறுகிற சுதத் அவர் சொன்னதை எனக்குச் சிங்களத்தில் சொன்னான். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உங்கள் பழைய ஆட்களில் கடலுக்குத் தூரமாக மலையில் இருந்தவர்கள் மீனுக்கு என்ன செய்தார்கள் என்று. உப்புப் போட்டுக் காய வைத்த மீன் ஜாடியில் ஏறி வரும் என்றார். எங்களை மாதிரியே என்று நினைத்துக்கொண்டேன். அவரோடு பேசிய சந்தோஷத்தில் மிச்ச வேலையை மளமளவென்று முடித்தேன், பெட்டியை மூடினேன், பாட்டுப் பாடிக்கொண்டே லயத்துக்குப் போனேன்.

காலையில் ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். மீன் முழுக்க மஞ்சள்.

என் கைதான் செய்திருந்தது. எங்கள் லயத்தில் ஐஸ் பெட்டி ஏது? லொறியில் வருகிற மீனைக் கழுவிய கையோடு மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி வைத்தால்தான் மறுநாள் வரைக்கும் நிற்கும். என் அம்மா செய்தார், நான் முப்பது வருஷமாகச் செய்கிறேன். வாய் பேசிக்கொண்டிருக்க, கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. மாவு போட்டுத் தேய்த்தேன், வினிகரில் அலசினேன், ஒன்றும் பலிக்கவில்லை. சதைக்குள் இறங்கிய மஞ்சள் எங்கே போகும்? மீன்கடைக்கார நானாவுக்குப் போன் போட்டேன். கடை பூட்டு, ஐஸ் பெட்டியையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று என்றார். ஜயந்த சேரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே அழுதேன்.

அழுகை நின்றதும்தான் மூளை வேலை செய்தது. உப்புப் போட்டுக் காய வைத்த மீன்! என் மதினி பாக்கியம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கென்று கட்டா மீன் கருவாட்டில் பெரிய துண்டங்களாக வாங்கிக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

ஆனால் கருவாட்டு வாசம் பங்களா கேட்டைத் தாண்டக் கூடாது என்பது துரையின் சட்டம். எனக்கு முன்னால் சட்டி கழுவின ஒருத்தி பின்கட்டில் தனக்கென்று இரண்டு துண்டு பொரித்தாள். அன்றைக்கே அவள் பேரை வெட்டினார்கள். பேர் வெட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. வேலையும் போகும், சில சமயம் குடியிருக்கிற காம்பராவும், அந்த ஒற்றை லயத்து அறையும், போகும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படிப் பேர் வெட்டப்பட்டவர்கள் உண்டு.

மதினியும் அதைத்தான் சொன்னார். கருவாட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று நின்றார்.

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இத தூக்கிக்கிட்டு பங்களாவுக்குப் போனா ஒன் பேர வெட்டிப்புடுவாங்க."

"இது இல்லாட்டியும் நான் மலைக்குத்தான் போகணும் மதினி. ரெண்டுல ஒன்னு பாத்துடுறேன், குடுங்க."

முறைத்துக்கொண்டே கொடுத்தார். நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அரிசி கழுவிய தண்ணீரை வெதுவெதுப்பாக்கி அதில் ஊற வைத்தேன். ஏழு மணிக்கு ஒரு தண்ணீர், எட்டரைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நார் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் உப்பு நாக்கைச் சுட்டது. நாலாவது தண்ணீரில் உப்பு பின்னால் போய் மீன் முன்னால் வந்தது. சதை மறுபடி உப்பிப் புது மீன்போல் மடல் மடலாக நின்றது. ஈரத்தை ஒற்றி எடுத்தேன், ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன், கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டேன், வாசம் வெளியே போகாதிருக்க மூன்று இலை சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஒன்பது பேருக்கு ஒன்பது, கைக்காவலுக்கு ஒன்று, ஆக மொத்தம் பத்துப் பொதி. சாம்பலுக்கு மேலே கையைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. உள்ளே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் துரை பின்கட்டுக்கு வந்தார். மூக்கைச் சுருக்கினார். என்ன வாசம் என்று கேட்டார். அத்தி இலை காய்கிறது என்றேன். அது பொய்யில்லை, இலையும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் இன்னொரு தடவை மூச்சை இழுத்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தேன். உஸ்ஸென்ற சத்தம் வந்தது, தணிந்தது, டப் டப் என்று கேட்டது. எடுத்துவிட்டேன்.

ஒரு மணிக்குப் பொதிகள் மேசைக்குப் போயின. நான் கதவோரத்தில் நின்றேன். ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் நாரை அறுத்தார்கள். ஆவி எழும்பியது. டீச்சர் அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மீனையே பார்த்தார். இது என்ன மீன் என்று அவர் துரையிடம் கேட்டார். துரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் "பிரெஷ்" என்ற சொல் தெரியும். நேற்று வந்த புது மீன் என்கிறார்.

டீச்சர் அம்மாவின் நெற்றி சுருங்கியது. "பிரெஷ்?" என்று திருப்பிக் கேட்டார். துரை மறுபடி தலையாட்டினார்.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அன்றைக்கே என் காரியம் கைகூடியிருக்கும், துரையே எனக்குச் சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மாவுக்கு நாக்கில் தெரிந்துவிட்டது. ஆயுசு முழுக்கத் தேடி வந்தவருக்கு முன்னால், நாலு தண்ணீர் மாற்றி நான் எழுப்பிய மீனை இல்லாத மீனின் பேரைச் சொல்லி வைப்பதா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. துரை கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"டிரை பிஷ், மேடம்," என்றேன். "சால்ட். மை ஹவுஸ்."

துரையின் முகம் செத்துப்போனது. நான் சுதத்தைப் பார்த்து நடந்ததை எல்லாம் சிங்களத்தில் கொட்டினேன். மஞ்சள் போட்டதையும், கடை பூட்டிக் கிடந்ததையும், மதினி வீட்டுக் கூரையில் தொங்கியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்த அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

அவர் பேசியதைச் சுதத் எனக்குச் சொன்னான். புது மீனைப் பற்றி எழுதி வைத்தவர்கள் அந்த நாட்டுப் பணக்காரர்களாம். துடுப்புப் போட்டவர்களும், சுரங்கம் வெட்டியவர்களும், மலையில் ஆடு மேய்த்தவர்களும் சாப்பிட்டது இந்த உப்பு மீனைத்தானாம். எத்தனையோ நாட்டில் இந்தச் சாப்பாட்டைக் கேட்டிருக்கிறாராம், எல்லோரும் பணக்காரர் தட்டைத்தான் வைத்தார்களாம். உழைக்கிறவர்கள் தட்டை முதன்முதலில் வைத்தது நீங்கள்தான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் சாம்பலும் எண்ணெயும். அவர் விடவே இல்லை. நான் ஓவென்று சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது.

அதோடு விட்டார்களா? கருவாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த ஒரு துண்டத்தைப் பேப்பரில் வைத்துக் கொண்டுபோனேன். வெள்ளிக் கரண்டிக்கும் கண்ணாடிக் கிளாசுக்கும் நடுவே என் மதினியின் கட்டாக் கருவாடு ஒன்பது பேர் கையிலும் போய் வந்தது. ஒவ்வொருவரும் மோந்து பார்த்தார்கள். பங்களா முழுக்க வாசம். நாளைக்கும் இதுவே வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். துரை சமையலறைக்கு வந்தார். பத்தாவது பொதி தட்டில் கிடந்தது. கேட்காமலே பிரித்து, நின்றபடியே விரலால் எடுத்துச் சாப்பிட்டார். இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்தார். பிறகுதான் பேசினார்.

"சட்டத்த மீறிட்டீங்க பவளம். என்னையும் பொய்க்காரனாக்கிட்டீங்க."

"ஆமாங்க தொரை."

"நாளைக்கும் இதே மீன் வேணுங்கிறாங்க. செய்வீங்கதானே?"

அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மதினியிடம் இன்னும் கருவாடு இருக்கிறது என்று சொன்னேன். ஊற வைக்க விடியற்காலையிலேயே தண்ணீர் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஆனால் செக்ரோலில் நான் இன்னும் கொழுந்தெடுக்கிற ஆள்தான், நாளைக் காலையில் நான் நிற்க வேண்டியது மலையிலா அடுப்படியிலா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"என்ன செய்யணுங்கிறீங்க?" என்று கேட்டார்.

"என் பேர வெட்டுங்க தொரை," என்றேன். "மலைக் கணக்குல இருந்து வெட்டிட்டு, கோக்கின்னு இங்க எழுதுங்க."

அவர் ஆபீசுக்கு ஆள் அனுப்பிப் பேரேட்டை வரவழைத்தார். சமையல் மேசையிலேயே அதை விரித்தார். என் பேருக்கு மேலே எங்கள் லயத்துப் பெண்களின் பேர் வரிசையாக இருந்தது. அதே வரிசையில் ஒரு காலத்தில் என் அம்மாவின் பேர் இருந்தது. துரை அடிமட்டத்தை வைத்து என் பேரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். பங்களாப் பக்கத்தைத் திருப்பி மறுபடி என் பேரை எழுதினார், பக்கத்தில் சமையல் என்று எழுதினார்.

எங்கள் குடும்பத்தில் பேர் வெட்டப்பட்டவர்கள் எல்லோரும் அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் அந்த முழங்காலோடு, லயத்துக்குப் போகிற படி அத்தனையும் ஓடியே ஏறினேன்.